கௌதள்ளிக்கு மாற்றிய ஜப்பானிய வீடு

வெள்ளிக்கிழமை காலை ஆறே கால். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் மைசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் ஐம்பத்திரண்டு ரூபாய். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு என்று இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மடியில் ஒரு துணிப்பை, பையில் நாடகப் பிரதி, வயிற்றில் முந்தின நாளிலிருந்தே ஒரு கலக்கம். பஸ் புறப்படுமுன் இரண்டு முறை இறங்கிக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டாம் முறை கண்டக்டர் பார்த்த பார்வையில் இரக்கமே இருந்தது.

அந்த வருடங்களில் அந்தப் பாதையில் போகிற யாருக்கும் வயிறு கலங்குவது நியாயம்தான். பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, "மலையில எங்கியும் நிறுத்த மாட்டோமுங்க, எல்லாத்தையும் இங்கியே முடிச்சுக்குங்க" என்றார் கண்டக்டர். காட்டுக்குள் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரனைப் பற்றிப் பஸ்ஸில் யாரும் பேர் சொல்லிப் பேசவில்லை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடந்தோம். சோதனைச் சாவடியில் என் பையைத் துழாவிய காவலர் பிரதியை எடுத்து, என்ன இது என்றார். ஜப்பான்காரர் எழுதிய கதை, நாடகமாகப் போடுகிறோம் என்றேன். நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு முறை துழாவினார்.

என் பயம் காட்டைப் பற்றியது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் மூன்று நாளும் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குப் புரியாது. நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன், மீதி நேரத்தில் நாடகம் எழுதுகிறவன். சென்னையில் ஒரு நாடக விழாவில் மொரிதா என்ற ஜப்பானிய இயக்குநரைச் சந்தித்தேன். அவருடைய ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். ஆறு பக்கம். கடல்முனையில் தன்னந்தனியாக ஒரு வீடு. மீன் பிடிக்கப் போன கணவன் படகோடு முழுகிவிட்டான் என்று துறைமுகத்திலிருந்து ஒருவன் வந்து சொல்கிறான். வலை பின்னிக்கொண்டிருந்த மனைவி அழவில்லை. வலையைக் கடைசி முடிச்சு வரை பின்னி முடிக்கிறாள். பிறகு வந்தவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். கதை முடிந்தது.

அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது கர்நாடகத்துத் தமிழர்கள் வாழும் கௌதள்ளிக்கு மாற்றினேன். ஹனூர்ப் பக்கத்து வறண்ட ஊர். படகுக்குப் பதில் கருங்கல் குவாரி, வலைக்குப் பதில் முறம். அவள் அரிசியில் கல் பொறுக்குகிறாள். சாவுச் செய்தி வந்ததும் பாடுவதற்கு நாற்பது வரியில் ஒரு ஒப்பாரியும் எழுதியிருந்தேன். மொரிதா அதை ஃபேக்ஸில் ஒரே கோடாக அடித்து அனுப்பிவிட்டார். ஒப்பாரி இல்லை, பாட்டு இல்லை, வசனம் இல்லை. நாலு நிமிடம் அவள் சும்மா கல் பொறுக்க வேண்டும். ஒரு வருடம் ஃபேக்ஸிலேயே சண்டை போட்டு நான் தோற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மைசூரில் ஒரே ஒரு காட்சி. மொரிதா நேரில் பார்ப்பார். நாலு நிமிட மௌனம் நின்றால், நாயகியாக நடிக்கும் செல்வியையும் செய்தி சொல்ல வருகிறவராக நடிக்கும் பழனிசாமியையும் இலையுதிர்காலத்தில் ஜப்பானுக்கு அழைத்துப்போய் அங்கே மேடையேற்றுவார். மௌனம் கலைந்தால் இல்லை. பார்க்க வரப் போகிறவர்களோ கௌதள்ளியிலிருந்தும் ஹனூரிலிருந்தும் மைசூர் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள். அவர்கள் முன்னால் புருஷன் செத்தும் அழாத பெண்ணை நாலு நிமிடம் உட்கார வைத்தால் விசில் பறக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து இருக்கையில் சத்தியமங்கலத்து மாட்டு வியாபாரி ஒருவர்.

"மைசூர்ல என்ன விசேசமுங்க?"

"நாடகம்."

"சிரிப்பு நாடகமுங்களா?"

"இல்லைங்க. ஒரு சாவு வருது."

"அப்ப பாட்டு நல்லாயிருக்கும்."

"பாட்டு இல்லைங்க."

"அழுவை?"

"அதுவும் இல்லை."

 அவர் என் பக்கம் திரும்பி, "அப்பறம் அதுல என்னத்தைங்க பாக்கறது?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். பதில் சொல்வதற்குள் சாமராஜநகர் வந்துவிட்டது. 

மதியம் பன்னிரண்டரை. மைசூர் பஸ் நிலையத்தில் பழனிசாமி காத்திருந்தார். டயர் ஆலையில் ஃபோர்மேன். சேலத்துக்காரர், இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறார். தொழிலாளர் குடியிருப்பில் ஒரு நாடகக் குழு நடத்துகிறார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பது அவர் பேச்சின் வழக்கம்.

"ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ரெடி, ஆய்த்து. போர்டு மட்டும் வெக்கல."

"ஏன்?"

"தமிழ் நாடகம்னு போர்டு வெச்சு யாராச்சும் கண்ணுல பட்டு… எதுக்கு சார் சும்னே? வீடு வீடாப் போய் வாயாலயே சொல்லிட்டோம்."

காவிரிக் கலவரம் நடந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர் குரலைத் தாழ்த்தாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். ஏற்கெனவே இருந்த கவலையோடு இதையும் சேர்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் அறை. நாளொன்றுக்குத் தொண்ணூறு ரூபாய், வெந்நீர் காலை எட்டு வரை. மொரிதாவும் அதே லாட்ஜில் பக்கத்து அறை. அறுபது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு சிறு துண்டு. என்னைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் வராந்தாவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மொரிதாவுக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. அவருக்குப் பேச்சுத் துணை ஹருமி என்ற ஜப்பானியப் பெண். யோகா கற்க வந்து நாலு வருடமாக மைசூரிலேயே தங்கிவிட்டவள், மொபெட்டில் சுற்றுகிறவள். அவளுக்கும் ஆங்கிலம் சுமார்தான். ஆனால் மார்க்கெட்டில் பூ விற்கிற பெண்களோடு சரிக்குச் சரி கன்னடம் பேசுவாள். ஆகவே மொரிதா ஜப்பானிய மொழியில் சொல்வார், ஹருமி கன்னடத்தில் சொல்வாள், செல்விக்கும் பழனிசாமிக்கும் அங்கேயே புரிந்துவிடும், பிறகு பழனிசாமி எனக்குத் தமிழில் சொல்வார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். என் நாடகத்தின் ஒத்திகையில் எதுவும் உடனே புரியாத ஒரே ஆள் நான்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மொரிதா, கல் உள்ள அரிசி வேண்டும் என்றார். பொறுக்குவது போல நடிக்கக் கூடாதாம், பொறுக்க வேண்டுமாம். தேவராஜ மார்க்கெட்டில் நுழைந்தோம். கட்டுக்கட்டாக வெற்றிலை, குவித்து வைத்த மல்லிகை, குங்குமக் கோபுரங்கள், தலையில் கூடையோடு "தாரி, தாரி" என்று வழி கேட்டுக்கொண்டு போகும் சுமையாட்கள். அரிசிக் கடைக்காரரிடம் பழனிசாமி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"கல்லு இரோ அக்கி பேக்கா? நம் அங்கடில்லி கல்லா?"

தன் கடை அரிசியில் கல் இருக்கிறது என்று யாரோ புகார் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர் ஒரு கைப்பிடி அள்ளி மொரிதாவின் உள்ளங்கையில் கொட்டி, பாருங்கள், முத்து போல இருக்கிறது என்று நிரூபிக்க, மொரிதா ஒவ்வொரு மணியாகப் பார்த்து ஏமாற்றத்தோடு தலையை ஆட்ட, கூட்டம் கூடிவிட்டது. அன்னியர், தமிழ்ப் பேச்சு, கூட்டம் மூன்றும் சேர்ந்ததில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் நாலு கடை தள்ளி ஒருவர் சாக்கின் அடியில் கிடந்ததைக் கிலோ மூன்று ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். ஒரு மூங்கில் முறம் பதினெட்டு ரூபாய்.

பதினொரு மணிக்கு ஒத்திகை. குடியிருப்பை ஒட்டிய கல்யாண மண்டபம். செல்வி ஊதுபத்தி உருட்டும் இடத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. பிறந்தது கௌதள்ளி, வாழ்க்கைப்பட்டது மைசூர். புருஷன் கொத்தனார். கையில் சந்தன வாசனை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல்.

"பாஸ்போர்ட்டு வந்துருச்சுங்க சார். போட்டோவைப் பாருங்க, ஆடு திருடுன மாதிரி முழிக்கிறேன். இந்த மூஞ்சிய ஜப்பான்ல உள்ள உடுவாங்களா?"

"நாளைக்கு நல்லபடியா முடியட்டும் செல்வி."

"முடியாம என்னங்க? நாலு நிமிசந்தானே? எங்க வீட்டுல எம் மாமியா பேசறப்ப நான் நாலு மணி நேரம் வாயத் தொறக்காம இருந்திருக்கறேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க தெருவுல பெங்களூரத் தாண்டிப் போன பொம்பள ஒருத்தியும் இல்லீங்க சார். எம் மக பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் சொல்லிட்டா. போகாட்டி அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

ஒத்திகையில் மொரிதா எதுவுமே சொல்லவில்லை. நல்லது, கெட்டது, இன்னும் கொஞ்சம், ஒன்றுமில்லை. செல்வி உட்கார்ந்து கல் பொறுக்கினாள். அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் குனிந்து வணங்கினார். மறுபடியும் என்றார். இப்படி மதியம் வரை. அரிசி சுத்தமானதும் பொறுக்கிய கல்லையெல்லாம் மறுபடி அதிலேயே கொட்டிக் கலந்தார். செல்வி முதல் முறையாக அவரை முறைத்தாள். எனக்கோ அந்த அமைதி தாங்கவில்லை. பின்னணியில் மெல்லியதாக ஒரு புல்லாங்குழலாவது வைக்கலாமே என்று பழனிசாமி வழியாக, ஹருமி வழியாகக் கேட்டேன். பதில் ஒரே சொல்லாகத் திரும்பி வந்தது. மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன். "கூட்டம் சலசலத்தா நடுவுல ஒரே ஒரு விம்மல். அவருக்குத் தெரியாது. சமாளிச்சுரலாம்."

அவள் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள். "அவரு வேண்டாம்னுட்டாரல்லங்க சார். ஒத்துக்கிட்டுத்தானே வந்தோம்?"

 நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை. மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்ற கவலை ஆறு மணிக்குத் தீர்ந்தது. அவ்வளவு பேர் வந்துவிட்டார்களே என்ற கவலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது. பெண்கள் முன்னால் ஜமுக்காளத்தில், ஆண்கள் பின்னால் நாற்காலியில். பூவும் எண்ணெயும் அந்துருண்டை வாசனையுமாக இருநூறு பேர் இருப்பார்கள். பெரியவர்கள் தமிழிலும் பிள்ளைகள் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். மொரிதாவும் ஹருமியும் முன்வரிசை ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நான் கடைசித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது என்று முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டார்.

ஆறரைக்கு விளக்குகள் அணைந்தன. முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. செல்வி புருஷனுக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டினாள், குவாரி மேஸ்திரியைத் திட்டினாள், கூட்டம் சிரித்தது. புருஷன் போன பிறகு முறத்தோடு வாசலில் உட்கார்ந்தாள். பழனிசாமி உள்ளே வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, பாறை சரிஞ்சுருச்சு அம்மிணி. உங்காளு அடியில மாட்டிக்கிட்டாரு. எடுக்கறக்குள்ள முடிஞ்சு போச்சு."

செல்வி அவரைப் பார்த்தாள். பிறகு முறத்தைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மௌனம் ஆரம்பித்தது.

முதலில் ஒரு இருமல். ஒரு குழந்தை என்னமோ கேட்டது, வாயைப் பொத்தினார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் சிரித்தான். இதோ வருகிறது விசில் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. முறத்தில் அரிசி நகரும் சத்தம் மட்டும் கடைசித் தூண் வரை கேட்டது. கண்ணைத் திறந்தபோது முன்வரிசைப் பெண்கள் யாரும் சாய்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்திருந்தார்கள். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"அழுதுரு புள்ள."

முன்னாலிருந்து ஒரு பெண் குரல். மெதுவாகத்தான் சொன்னாள்.  செல்வி இன்னொரு கல்லை எடுத்து வைத்தாள்.

"நெஞ்சுக்குள்ள வெச்சுக்காத தாயி. அழுதுரு."

இன்னொரு குரல். இன்னொன்று. மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும், பெயர் மாதம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மண்டபத்து மேடை முழங்கால் உயரம்தான். ஒரு கையை ஊன்றி ஏறினாள். யாராவது தடுங்கள் என்று கத்த நினைத்தேன், தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் செல்வியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறத்தைப் பிடித்தாள்.

"குடு இங்க. இன்னிக்கு நீ இதத் தொடக் கூடாது."

செல்வி விடவில்லை. அவளுக்கு ஜப்பான் போக வேண்டும். முறம் இருவர் கையிலும் அப்படியே நின்றது. செல்வியின் கண் ஒரு நொடி மொரிதாவின் பக்கம் போனதை நான் பார்த்தேன். பிறகு அவள் கை தளர்ந்தது. மாதம்மா முறத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தாள். அதற்குள் இன்னும் நாலைந்து பெண்கள் மேடையில். ஒருத்தி செல்வியின் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி அவள் அவிழ்ந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டாள். யாரும் பாடவில்லை, மாரடிக்கவில்லை. செல்வி வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கடல்முனையில் தனியாக நின்ற வீட்டைத் தூக்கிக் கௌதள்ளித் தெருவில் வைத்த நான், அக்கம்பக்கத்து வீடுகளை வைக்க மறந்துவிட்டேன். அந்தத் தெருவில் புருஷன் செத்த செய்தி வந்த பெண்ணை நாலு நிமிடம் யார் தனியாக விடுவார்கள்? அவளை முறத்தைத் தொட யார் விடுவார்கள்? அடுப்பு மூட்டுவதிலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது வரை பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிக்கொள்வார்களே! எங்கள் வீட்டுச் சாவிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு வருடம் ஒப்பாரிக்காகச் சண்டை போட்டவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

செல்வி தலையை நிமிர்த்திப் பழனிசாமியைப் பார்த்தாள். கடைசி வசனம் பாக்கி இருந்தது.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

பழனிசாமி பதில் சொல்லாமல் திரும்பிப் போக வேண்டும் என்பது பிரதி. அந்த ஃபோர்மேன் தலைத்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதன் பிறகுதான் மண்டபம் அழுதது. எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் அது எதற்காக என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பாதி பயம்.

விளக்குகள் எரிந்தன. மாதம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். நான் ஓடிப்போய் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன்.

"நாடகம்னு தெரியுமுங்க" என்றாள் அவளாகவே, கொஞ்சம் வெட்கப்பட்டு. "அதுக்காக ஒரு பொம்பள அப்படி உக்காந்திருக்கறப்ப பாத்துட்டே இருக்க முடியுதுங்களா?" பிறகு, "பாதி பொறுக்கிட்டேன். இந்த அரிசி உங்களுக்கு வேணுமுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. மொரிதா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். செல்வி போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பழனிசாமியும் நானும் பின்னால் நின்றோம். அவர் ஒரு வாக்கியம் சொன்னார். ஹருமி கன்னடத்தில் சொன்னாள். செல்வியின் முகம் விழுந்ததைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, பழனிசாமி தமிழில் சொன்னது பிறகுதான்: "மௌனம் கலைஞ்சிருச்சுங்கறாரு."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க. நான் முறத்த உட்டுட்டேன்" என்றாள்.

மொரிதா மறுபடி பேசினார். இம்முறை நிறுத்தாமல் பேசினார். கழுத்துத் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மடித்தார். ஹருமி தொடர்ந்து சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். செல்வி நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழனிசாமி மூக்கைச் சிந்தினார். நான் மட்டும் ஒன்றும் புரியாமல் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் போல எனக்கு எந்த நிமிடமும் நீளமாக இருந்ததில்லை. "என்னங்க, என்னங்க" என்று பழனிசாமியின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

பழனிசாமி சொன்னார். போர்க் காலத்தில் மொரிதாவின் அப்பா கடலில் செத்துப்போனார். செய்தி சொல்ல ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்தார். ஊர்க்காரர்கள் வாசல் வரை வந்து நின்றார்கள், அவர் அமைதியைக் கலைக்கக் கூடாது என்று உள்ளே வரவில்லை. அது அந்த ஊர் மரியாதை. மொரிதா ஒன்பது வயதுப் பையன், அம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவனும் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வருடமாக அந்த மௌனம் எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதையே நாடகமாகவும் போட்டேன், இன்றைக்கு அந்தப் பச்சைச் சேலைக்காரி எழுந்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது என்றாராம்.

 செல்வி கன்னடத்தில் ஹருமியிடம் ஏதோ கேட்டாள். பழனிசாமி என் காதில் சொன்னார்: ஜப்பானில் நான் அப்படி உட்கார்ந்தால் யார் எழுந்து வருவார்கள் என்று கேட்கிறாள்.

கேள்வி போயிற்று. மொரிதா யோசித்தார். பதில் வந்தது.

"யாரும் வர மாட்டாங்கன்னு சொல்றாரு" என்றார் பழனிசாமி.

செல்வி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மொரிதாவும் எழுந்தார். அவள் முன்னால் நின்று இடுப்பு வரை குனிந்தார். குனிந்தபடியே தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். ஹருமி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு சொன்னாள். இம்முறை செல்வியே எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அவரு வர்றாராமுங்க சார்."

"எங்கே?"

"ஜப்பான்ல, மேடைக்குத்தானுங்க. நம்மளக் கூட்டிட்டுப் போறாராம். தெனமும் கூட்டத்துல உக்காந்திருப்பாராம், நான் உக்காந்ததும் எந்திரிச்சு வந்து முறத்த வாங்கிக்குவாராம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே பழைய செல்வி திரும்பிவிட்டாள். "மொதல்ல அவருக்குக் கல்லுப் பொறுக்கத் தெரியுமான்னு கேளுங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பையைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். லாட்ஜ் வராந்தாவில் மொரிதா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் முறம், அதில் வாங்கியதில் மீந்த கல் அரிசி. வேலைக்குப் போகிற வழியில் செல்வி வந்து எதிரில் நின்றுகொண்டு மேற்பார்வை பார்த்தாள். அவர் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரமாக வைத்தார். அது அரிசி. செல்வி தலையில் அடித்துக்கொண்டு அதை எடுத்து முறத்திலேயே போட்டாள். இப்படியே போனால் இலையுதிர்காலத்துக்குள் கற்றுக்கொள்வாரா என்று கேட்டேன். "கத்துக்குவாருங்க. எங்க போயிருவாரு?" என்றாள். ஊதுபத்தி உருட்டப் போக நேரமாகிவிட்டது என்று நடந்தாள். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு மணியைத் திருத்திவிட்டுப் போனாள்.

ஒன்பது மணி பஸ். நஞ்சன்கூட்டில் ரசவாழை விற்றார்கள், டஜன் பன்னிரண்டு ரூபாய். வீட்டுக்கு ஒரு டஜன் வாங்கினேன். மூன்று நாளுக்குப் பிறகு வயிறு சமாதானமாக இருந்தது, நானே இரண்டு தின்றேன். கோயம்புத்தூரில் என் வீடு புதிதாக மனை பிரித்த ஒரு குடியிருப்பில் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்க்கிறார் என்பது தெரியும், பெயர் தெரியாது. அவர் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும், எங்களுடையதும் அப்படித்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் யாராவது முறத்தோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பிறகு இன்னொன்று தோன்றியது. அந்த மண்டபத்தில் பெண்கள் எழுந்தபோது நான் தூணை விடவில்லை. என் நாடகம் கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் எழவில்லை, இல்லாவிட்டால் எழுந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பஸ் மலை இறங்கி முடிக்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.